தாய்க்கு ஓரிடம், சேய்க்கு ஓரிடமா?

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பது நம் ஊர்ப் பாட்டிமார் சந்தைக்குப் போய் வந்த அலுப்பில் சொல்லும் பழமொழி. இந்நாளில் அதைச் சொல்வதற்குச் சந்தையைவிடப் பொருத்தமான இடம் ஆகாய விமானமே. டிக்கெட்டின் விலை ஒன்று. அதன் மேல் பெட்டிக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, முந்தி ஏறுவதற்கு ஒன்று, உட்காரும் இடத்தைத் தேர்ந்துகொள்வதற்கு ஒன்று என்று கட்டணங்கள் வரிசை கட்டி வந்து நிற்கின்றன. இவற்றுள் மற்றவற்றைப் பற்றி எனக்குப் பெரிய வழக்கு ஏதுமில்லை. வேண்டுபவர் வாங்கட்டும், வேண்டாதவர் விட்டுவிடட்டும். ஆனால், சிறு குழந்தையோடு பயணம் செய்யும் தாயிடமோ தந்தையிடமோ, "உன் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வேண்டுமானால் அதற்குத் தனியே பணம் கட்டு" என்று கேட்பது முறையா? முறையன்று என்பது என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன். எதிர்த்தரப்பில் உள்ள நியாயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். படித்துப் பார்த்து நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.

பள்ளி மலரில் விமானத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். விமானப் பயணம் செல்வர் வீட்டுக் காரியமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1953இல் விமானப் போக்குவரத்து நாட்டுடைமை ஆக்கப்பட்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், ஊர்விட்டு ஊர் பறப்பதென்றால் அரசு விமானமே கதி. 1994இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டுத் தனியார் நிறுவனங்களுக்கு முறையாக வழி திறந்தது. 2003இல் கேப்டன் கோபிநாத் 'ஏர் டெக்கான்' என்னும் மலிவுக் கட்டண விமானத்தைத் தொடங்கினார். 'சூரரைப் போற்று' படம் பார்த்தவர்களுக்கு அந்த வரலாற்றின் சாயல் தெரிந்திருக்கும். உபசாரம் குறைவு, டிக்கெட்டும் மலிவு என்பதே அந்த ஏற்பாட்டின் சாரம். அதனால் விளைந்த நன்மையை மறுக்க முடியாது. இன்று நம் பள்ளியிலேயே துபாயிலும் மஸ்கட்டிலும் தந்தையார் வேலை பார்க்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று வகுப்பில் கையைத் தூக்கச் சொன்னால் தெரியும். கோடை விடுமுறை வந்தால் கையில் ஒரு குழந்தையும் பக்கத்தில் ஒரு பிள்ளையுமாகத் தாய்மார் தனியே விமானம் ஏறுகிறார்கள். ஆகவே இது நம் வீட்டுப் பேச்சுத்தான்.

விமானம் ஏறியிராத பிள்ளைகளுக்காக ஏற்பாட்டைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். உள்நாட்டில் மிகுதியாகப் பறக்கும் விமானங்களில் நடுவே ஒரு நடைபாதை இருக்கும். அதன் இருபுறமும் மூன்று மூன்று இருக்கைகள். இப்படி முப்பது வரிசை, ஏறத்தாழ 180 பேர். சிறிய ஊர்களுக்கு வரும் ஏ.டி.ஆர். என்னும் விசிறி விமானத்தில் இரண்டு இரண்டாக இருக்கும். டிக்கெட் எடுக்கும்போது செல்போன் திரையில் இருக்கைகளின் படம் வரும். நவராத்திரிக் கொலுவைப் போலப் பல நிறத்தில் அழகாகத்தான் இருக்கும். நிறத்துக்கு ஒரு விலை. முன் வரிசைக்கு ஒரு விலை, கால் நீட்ட இடம் உள்ளதற்கு அதைவிட அதிகம், ஜன்னலோரத்துக்கு ஒன்று. பணம் கட்ட மனமில்லாவிட்டால் அப்படியே தாண்டிப் போகலாம். அப்போது பயணம் நெருங்கும் வேளையில் 'வெப் செக்-இன்' செய்யும்போது கணிப்பொறி தானாக ஓர் இடம் கொடுக்கும். பணம் கட்டியவர்கள் ஜன்னலோரத்தையும் நடைபாதை ஓரத்தையும் எடுத்துக்கொண்ட பின்பு எஞ்சுவது பெரும்பாலும் நடு இருக்கை. நடு இருக்கை என்பது தன் இயல்பிலேயே தனி இருக்கை. அதற்கு இருபுறமும் வேறு யாரோ இருப்பார்கள். எனவே கடைசியில் எஞ்சும் மூன்று இடங்கள் மூன்று வேறு வரிசைகளில் இருப்பது தற்செயலே ஆனாலும், தவிர்க்க முடியாத தற்செயல்.

தனியாகப் போகும் இளைஞனுக்கு இதனால் நட்டம் ஒன்றும் இல்லை. நடு இருக்கையில் இரண்டு மணி நேரம் முழங்கையை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் முடிந்தது. நான்கு வயதுக் குழந்தையின் தாய்க்கோ அந்தப் படத்தைப் பார்த்த உடனே வயிற்றில் புளி கரைக்கும். 'பிரிந்து உட்கார நேரிடுமோ' என்ற அச்சத்திலேயே பாதிப் பேர் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். ஜன்னலோரத்தை விரும்பி வாங்குபவர் ஒரு சுகத்தை வாங்குகிறார்; இந்தத் தாய் வாங்குவது ஒரு பயம் நீங்குவதை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து ஒரே விலைக்கு விற்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இருக்கைக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தாயும் இரண்டு பிள்ளைகளும் தூத்துக்குடியிலிருந்து சென்னை போய், அங்கே விமானம் மாறி டெல்லிக்குப் போகிறார்கள். ஏறும் விமானம் இரண்டு என்பதால் இருக்கைக் கட்டணமும் இரண்டு முறை. மூன்று பேருக்கு 1,800 ரூபாய். திரும்பி வரவும் அவ்வளவே. ஆக 3,600 ரூபாய். தள்ளுபடி விலையில் டிக்கெட் கிடைத்தது என்று மகிழ்ந்த குடும்பத்துக்கு அந்தத் தள்ளுபடி இங்கே கரைந்து போகிறது. அமெரிக்காவில் 2024இல் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையும் இப்படி ஒரு கணக்குச் சொன்னது: இருக்கைக்கு 25 டாலர் என்றால், நால்வர் உள்ள குடும்பம் போய்வர 200 டாலர் மிச்சமாகும் என்று. ஊர் வேறு, பணம் வேறு, கதை ஒன்றுதான்.

சென்ற கோடையில் சென்னையிலிருந்து வடக்கே சென்ற ஒரு விமானத்தில் நான் கண்ட காட்சி ஒன்று. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஓர் இளம் தாய்; மடியில் ஒன்றரை வயதுப் பையன். மூத்தவள் நான்கு வயதுப் பெண். அந்தப் பெண்ணை முதலில் பாட்டி வீட்டில் விட்டுப் போவதாக ஏற்பாடாம். பிறகு மனம் மாறி அவளுக்கும் டிக்கெட் எடுத்து, அதே விமானத்தில் வரும் தாய்மாமன் பதிவில் சேர்த்திருக்கிறார்கள். கடைசி நேரத்தில் அந்த மாமன் பயணம் செய்ய முடியாமல் போயிற்று. தாய்க்கு 9ஆம் வரிசை, குழந்தைக்கு 22ஆம் வரிசையில் நடு இருக்கை. கவுன்ட்டரில் கேட்டதற்கு, "பணம் கட்டினால் மாற்றித் தருகிறோம், இல்லாவிட்டால் உள்ளே போய் யாரையாவது கேட்டுப் பாருங்கள்" என்று பதில்.

உள்ளே போய் யாரையாவது கேட்டுப் பார்ப்பது எவ்வளவு சங்கடமான காரியம் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். பின்னால் ஆட்கள் பெட்டியோடு நெருக்குகிறார்கள். குழந்தை அழுகிறது. பக்கத்தில் இருந்த பெரியவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். கடைசியில் ஜன்னலோரத்தில் இருந்த கல்லூரி மாணவன் ஒருவனிடம், "தம்பி, கொஞ்சம் மாறி உட்கார முடியுமாப்பா? பிள்ளை ரொம்பச் சின்னது" என்றார் அந்தத் தாய். "அதுக்கென்னக்கா, உட்காருங்க" என்று அவன் எழுந்து 22ஆம் வரிசைக்குப் போய்விட்டான். போகிற போக்கில் பணிப்பெண்ணிடம், "இந்த சீட்டுக்கு நான் பணம் கட்டியிருந்தேன்" என்று மெல்லச் சொன்னான். அந்தப் பெண்ணும் பாவம், என்ன செய்வாள்? சிரித்தாள். பணம் திரும்பியதாகத் தெரியவில்லை.

அந்தப் பையனின் நல்ல குணத்தைப் பாராட்டி நாம் கலைந்துவிடலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஜன்னலோரத்துக்கு அவனிடம் பணம் வாங்கியது நிறுவனம். ஜன்னலோரம் அவனுக்குக் கிடைக்கவில்லை. குழந்தையைத் தாயிடம் சேர்க்க வேண்டிய கடமையை அவன் செய்தான். பற்று அவன் பெயரில், வரவு நிறுவனத்தின் பெயரில்! ஆகவே இந்தக் கட்டணத்தால் துன்பப்படுவோர் தாய்மார் மட்டும் அல்லர். குழந்தை இல்லாமல் தனியே வருவோரும் இதற்குப் பலியாகிறார்கள். விரும்பிக் காசு கொடுத்து வாங்கிய இடத்தை விட்டுத் தராத ஒருவரைக் கல்நெஞ்சர் என்று மற்றவர்கள் முறைத்துப் பார்ப்பதும் நடக்கிறது. அவர் செய்த தவறு என்ன? இரு பயணிகளை ஒருவரோடொருவர் மோதவிட்டு ஏற்பாடு செய்தவர் நடுவில் நல்லவராக நிற்கிறார்.

பணத்தை விட்டுவிட்டு உயிரைப் பற்றிப் பேசுவோம். விமானம் புறப்படும் முன் பணிப்பெண் செய்து காட்டும் விளக்கத்தை நாம் யாரும் ஒழுங்காகக் கேட்பதில்லை. "பிராணவாயு முகமூடி மேலிருந்து விழுந்தால் முதலில் நீங்கள் அணிந்துகொண்டு, பிறகு குழந்தைக்கு அணிவியுங்கள்" என்பார். ஏன் அப்படி? 35,000 அடி உயரத்தில் விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால், மனிதர் சுயநினைவோடு செயல்படக் கிடைக்கும் நேரம் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரைதான். தாய் மயங்கிவிட்டால் பிள்ளைக்கு யார் மாட்டுவது? ஆகவே தாய் முதலில். சரி, ஆனால் அந்த அறிவுரையின் உள்ளே ஒரு செய்தி மறைந்திருக்கிறது, கவனித்தீர்களா? குழந்தை தாயின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே அது சொல்லப்படுகிறது. பதின்மூன்று வரிசை தள்ளி இருக்கும் நான்கு வயதுக் குழந்தைக்கு அந்த அறிவுரை எப்படிப் பொருந்தும்?

மடிக்குழந்தை விஷயத்தில் நிறுவனங்கள் இதை நன்றாகவே அறிந்திருக்கின்றன. மூன்று இருக்கை உள்ள வரிசையில் தலைக்கு மேலே நான்கு முகமூடிகளே இருப்பது வழக்கம். அதாவது ஒரு மடிக்குழந்தைக்கு மட்டும் உபரி. எனவே ஒரே பக்கத்து மூன்று இருக்கைகளில் இரண்டு மடிக்குழந்தைகளை உட்காரவிட மாட்டார்கள். எத்தனை பணம் கட்டினாலும் விட மாட்டார்கள். அவசர வழி உள்ள வரிசையில் சிறுவர்களை அமர்த்துவதும் இல்லை. ஆகக் குழந்தை எங்கே உட்கார வேண்டும் என்பது பாதுகாப்புப் பற்றிய காரியம், பணத்தால் முடிவாகும் காரியம் அல்ல என்று அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றரை வயதுக்கு ஒப்புக்கொண்டதை நான்கு வயதுக்கு ஒப்புக்கொள்ள என்ன தடை?

விபத்து நேர்ந்து எல்லோரும் வெளியேற வேண்டிய வேளையை எண்ணிப் பாருங்கள். 44 இருக்கைக்கு மேல் உள்ள விமானம் எதுவானாலும், வழிகளில் பாதியை மட்டும் பயன்படுத்தி 90 நொடிக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று செய்துகாட்டினால்தான் அதற்குச் சான்று கிடைக்கும். அமெரிக்க விதியின்படி நடக்கும் சோதனையில் மடிக்குழந்தைகளுக்குப் பதிலாக மூன்று பொம்மைகளை ஆட்கள் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பொம்மை அழாது. "அம்மா எங்கே?" என்று கேட்காது. மேலும், அதை முதலிலேயே ஒருவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். தேடிப் போக வேண்டியதில்லை. 2024 ஜனவரி 2ஆம் நாள் டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல் விமானத்தின் மேல் மோதித் தீப்பிடித்தது. காவல் விமானத்தில் ஐவர் மாண்டனர். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும், குழந்தைகள் உட்பட, தப்பினர். பெட்டி பைகளை விட்டுவிட்டுப் பயணிகள் வெளியேறியதை உலகமே புகழ்ந்தது. பெட்டியை விட்டுவிட்டு ஓடு என்றால் ஓடலாம். பிள்ளையை விட்டுவிட்டு ஓடு என்று எந்தத் தாயிடம் சொல்வது? அவள் கூட்டத்தை எதிர்த்துப் பின்னால்தான் போவாள். ஒருத்தி எதிரே வந்தால் அந்தக் குறுகிய நடைபாதையில் எத்தனை பேர் தடைபடுவார்கள்! பிரிட்டனின் விமானத்துறை ஆணையம் இதை எண்ணித்தான், சிறு குழந்தைகள் பெரியவர்களோடு ஒரே வரிசையில் இருக்க வேண்டும், இயலாவிட்டால் ஒரு வரிசைக்கு மேல் தள்ளிப் போகக் கூடாது என்று வழிகாட்டியிருக்கிறது. எனவே தாயும் சேயும் சேர்ந்திருப்பது அவர்கள் இருவருக்கு மட்டும் ஆகும் சலுகை அல்ல. பின் வரிசையில் குறட்டை விடும் மனிதருக்கும் அதனால் பயன் உண்டு.

இனி எதிர்த்தரப்பு. விமான நிறுவனத்தார் சொல்வது இது: "டிக்கெட் விலையைக் குறைத்திருக்கிறோம். வேண்டிய வசதிக்கு மட்டும் பணம் கொடுங்கள் என்கிறோம். குழந்தை உள்ளவருக்கு இலவசமாகக் கொடுத்தால் அந்தச் செலவு குழந்தை இல்லாதவர் தலையில் விழும்." இதில் பாதி நியாயம் உண்டு. எல்லாச் செலவையும் ஒன்றாகச் சேர்த்து வாங்கிய காலத்தில் டிக்கெட் விலை எட்டாத உயரத்தில் இருந்தது உண்மை. ஆனால் குழந்தையின் பக்கத்தில் தாயை அமர்த்துவதற்கு என்ன செலவு? கூடுதலாக ஓர் இருக்கை செய்ய வேண்டுமா? எரிபொருள் கூடுமா? இரண்டு வயது நிறைந்த குழந்தைக்கும் தனி டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இரண்டு இருக்கைக்கு விலை கொடுத்தவருக்கு எந்த இரண்டு என்பதே கேள்வி. ஜன்னலோரம் வேண்டாம், முன் வரிசை வேண்டாம், கழிவறைப் பக்கமுள்ள கடைசி வரிசையானாலும் சரி, சேர்த்துக் கொடுங்கள் என்றுதானே கேட்கிறோம்? டிக்கெட் பதியும்போதே குழந்தையின் வயதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். கணிப்பொறிக்கு அது தெரியும். தெரிந்தும் பிரித்துப் போட்டால் அதைத் தற்செயல் என்று சொல்லக் கூடாது.

இன்னொன்றும் உண்டு, இதை எண்ணும்போது எனக்குச் சிரிப்பே வரும். ஐந்து வயது ஆகாத குழந்தையைத் தனியாக ஏற்றிக்கொள்ள விமான நிறுவனங்கள் சம்மதிப்பதில்லை. அதற்கு மேல் 12 வயதுக்குள் ஒரு பிள்ளை தனியே போவதானால், ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வதற்கென்று தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். நியாயம்தான், பிள்ளையைப் பார்த்துக்கொள்வது வேலை, வேலைக்குக் கூலி உண்டு. தாய் உடன் வந்தால் அந்த வேலையை அவளே செய்கிறாள். வாந்தி எடுத்தால் துடைப்பதும், காது அடைத்து அழுதால் தேற்றுவதும், முன் இருக்கையை உதைக்காமல் காலைப் பிடித்துக்கொள்வதும் அவள்தான். பணிப்பெண்ணுக்கு அவ்வளவும் மிச்சம். அந்த வேலையைச் செய்ய அவளை அனுமதிப்பதற்கு அவளிடமே கட்டணம் என்றால் இது எந்த ஊர் நியாயம்?

ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் குடும்பங்கள் பிரிந்துபோவது உண்டு. ஒருவருக்கு நாலாவது பெட்டி, இன்னொருவருக்கு ஏழாவது. ஆனால் கீழ்ப் படுக்கை வேண்டும் என்று விண்ணப்பத்தில் குறிப்பதற்குக் காசு இல்லை, இருந்தால் கொடுப்பார்கள். 45 வயதான பெண்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும் கேளாமலே கீழ்ப் படுக்கை தர முயல்கிறது கணிப்பொறி. கணிப்பொறிக்கு இரக்கம் கற்றுக்கொடுக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று. 2022 மே மாதம் லக்னோ மெயிலில், கீழ்ப் படுக்கையை ஒட்டி மடக்கி விரிக்கும் குழந்தைப் படுக்கை ஒன்றைப் பரிசோதனையாகக் கூட வைத்துப் பார்த்தார்கள்.

வெளிநாடுகளில் இந்த வழக்கு எங்கே நிற்கிறது? கனடா நாட்டில் 2019 டிசம்பர் முதல் தெளிவான விதி உண்டு. 5 வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பெற்றோரின் பக்கத்து இருக்கை. 5 முதல் 11 வயது வரை அதே வரிசையில், இடையே ஓர் இருக்கைக்கு மேல் விடாமல். 12, 13 வயதுப் பிள்ளை என்றால் ஒரு வரிசைக்கு மேல் தள்ளிப் போகாமல். கூடுதல் கட்டணம் கூடாது. எவ்வளவு பக்குவமாகப் பிரித்திருக்கிறார்கள் பாருங்கள்! நான்கு வயதும் பதின்மூன்று வயதும் ஒன்றல்ல என்று அறிந்து எழுதிய விதி அது. இத்தாலி 2021இல் 12 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு ஆணை பிறப்பித்தது. அயர்லாந்தின் ரயன்ஏர் நிறுவனம் 2016இல் வேறு வழி கண்டது: 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு வரும் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்கைக்குப் பணம் கட்ட வேண்டும், பிள்ளைகளுக்குப் பக்கத்து இருக்கை இலவசம். கேட்க நன்றாக இருக்கிறது. பிள்ளைக்கு இலவசம் என்று சொல்லித் தாயிடம் கட்டாயமாக வாங்குவதும் ஒரு சாமர்த்தியம்.

அமெரிக்காவில் காரியம் நத்தை வேகத்தில் போயிற்று. 13 வயது வரை உள்ள பிள்ளைகளைக் கட்டணமின்றிக் குடும்பத்தாரோடு அமர்த்துவது பற்றி ஆராயுமாறு 2016இலேயே அங்கே ஒரு சட்டம் வந்தது. ஆராய்ந்துகொண்டே இருந்தார்கள். 2023இல் அரசு ஒரு காரியம் செய்தது: எந்தெந்த நிறுவனம் இலவசமாகச் சேர்த்து அமர்த்துவதாக எழுத்தில் உறுதி தருகிறது என்று ஒரு பட்டியலை எல்லோரும் பார்க்க வெளியிட்டது. முதலில் மூன்று நிறுவனங்களுக்கே அந்தப் பெருமை கிடைத்தது. ஊரறியப் பெயர் வெளிவந்தால் சில காரியங்கள் விரைவில் நடக்கும். மதிப்பெண் பட்டியலைச் சுவரில் ஒட்டுவதைப் போல. 2024இல் புதிய சட்டம் வந்து, அவ்வாண்டு ஆகஸ்டில் வரைவு விதியும் வெளியாயிற்று. வரைவு என்பது வரைவுதான்.

நம் நாடு இந்த விஷயத்தில் பின்தங்கிவிடவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2024 ஏப்ரலில் ஓர் ஆணை இட்டது. 12 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு, அதே பி.என்.ஆர். எண்ணில் பயணம் செய்யும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரோடாவது இருக்கை ஒதுக்க வேண்டும். அதற்குப் பதிவும் வைத்திருக்க வேண்டும் என்று விமான நிறுவனங்களுக்குச் சொல்லியது. 'ஒருவரோடாவது' என்பது சரியான சொல். ஒரு பக்கத்தில் மூன்றே இருக்கை உள்ள விமானத்தில், நாலு பேர் உள்ள குடும்பம் முழுவதையும் ஒரே பக்கம் அமர்த்த யாராலும் முடியாது. தந்தை நடைபாதைக்கு அப்பால் இருந்தால் குடிமுழுகிப் போகாது. குடும்பம் முழுவதும் ஒன்றாக அரட்டை அடித்துக்கொண்டு போக வேண்டும் என்று விரும்பினால், அதற்குப் பணம் கேட்கட்டும். அதை நான் எதிர்க்கவில்லை.

ஆனால் இந்த ஆணை இருப்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் விசாரித்தேன்; ஒருவரோ இருவரோ கேள்விப்பட்டிருந்தனர். மற்றவர்கள் ஆண்டுதோறும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். டிக்கெட் பதியும் திரையில், நான் பார்த்தவரை, 'உங்களுடன் குழந்தை வருகிறது. கட்டணமின்றியே ஒருவர் பக்கத்தில் இருக்கலாம்' என்று பெரிய எழுத்தில் சொல்வதில்லை. 'உங்களுக்கு விருப்பமான இருக்கையை இப்போதே உறுதி செய்யுங்கள்' என்பது மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது. தாண்டிச் செல்லும் வழியோ மூக்குக்கண்ணாடி போட்டுத் தேட வேண்டியதாக இருக்கிறது. உரிமையைக் கொடுத்துவிட்டு அதைச் சொல்லாமல் விடுவது, கதவைத் திறந்து வைத்துவிட்டு முன்னால் பீரோவை நகர்த்தி வைப்பதைப் போன்றது.

அடுத்த சிக்கல், 'அதே பி.என்.ஆர். எண்' என்பது. நான் மேலே சொன்ன குழந்தை மாட்டிக்கொண்டது இங்கேதான். தந்தைக்கு அலுவலகம் டிக்கெட் எடுக்கும். தாய்க்கும் பிள்ளைக்கும் வீட்டில் எடுப்பார்கள். பாட்டிக்கு மகன் ஒருவர் எடுப்பார், பேத்திக்கு மகள் எடுப்பாள். எண் வேறானால் கணிப்பொறிக்கு உறவு தெரியாது. ஆகவே பெற்றோர்களே, பிள்ளையோடு உடன் செல்லும் பெரியவர் எவரோ அவரையும் பிள்ளையையும் ஒரே பதிவில் சேர்த்து எடுங்கள். பிள்ளையின் வயதைச் சரியாகக் குறிப்பிடுங்கள். வெப் செக்-இன் திறந்த உடனே செய்துவிடுங்கள். இடங்கள் நிறைய இருக்கும்போது சேர்த்துக் கொடுப்பது எளிது. அப்படியும் பிரிந்து வந்தால் விமானத்துக்குள் போய் மன்றாடாதீர்கள்; கவுன்ட்டரிலேயே 2024 ஆணையைச் சொல்லி, பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். கொடுக்க வேண்டியவர் அங்கே நிற்கிறார். உள்ளே இருப்பவர்கள் நம்மைப் போன்ற பயணிகள். ஒருகால் ஒரு பயணியிடம் கேட்கத்தான் நேர்ந்தால், அவருடைய ஜன்னலோரத்துக்கு நம் நடு இருக்கையை நீட்டாமல், இருப்பதில் நல்லதை அவருக்குக் கொடுப்பதே மரியாதை.

மூன்றாவது சிக்கல் நம் பள்ளிக்கு மிகவும் வேண்டியது. அந்த ஆணை 12 வயதோடு நின்றுவிடுகிறது. எட்டாம் வகுப்பில் உள்ள 13 வயதுப் பெண்ணுக்கு அது பொருந்தாது. பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு, "மிஸ், எங்களைக் கைக்குழந்தை என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. முகமூடியை நீங்களே மாட்டிக்கொள்வீர்கள். அவசர வழியையும் என்னைவிட வேகமாகக் கண்டுபிடிப்பீர்கள். ஆனால் முன்பின் அறியாத இருவருக்கு நடுவே, இரவு விமானத்தில், விளக்கை அணைத்த பிறகு, மூன்று மணி நேரம் முழங்கையோடு முழங்கை இடித்துக்கொண்டு இருக்க ஒரு சிறுமிக்குப் பிடிக்காமல் போகலாம். எழுந்து போகவும் வழி இருக்காது. இரண்டு பேர் காலைத் தாண்ட வேண்டும். எல்லோரும் தீயவர் என்று நான் சொல்லவில்லை. அச்சத்தோடு அமர்ந்திருக்க வேண்டிய நிலையே போதுமான துன்பம். வளர்ந்த பெண்களுக்கே இது தேவை என்று நிறுவனங்கள் உணர்ந்திருக்கின்றன. ஏர் இந்தியா 2017இல் தனியே செல்லும் பெண்களுக்கென்று உள்நாட்டு விமானங்களில் ஆறு இருக்கைகளை ஒதுக்கியது. இண்டிகோ 2024இல், எந்த இருக்கைகளைப் பெண்கள் பதிந்திருக்கிறார்கள் என்பதைப் பெண் பயணிகள் மட்டும் பார்த்துத் தேர்ந்துகொள்ளும் வசதியைக் கொண்டுவந்தது. முப்பது வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு யோசித்தவர்கள், பதின்மூன்று வயதுச் சிறுமியைத் தாயின் பக்கத்தில் விடுவதற்குப் பணம் கேட்கலாமா?

கனடாக்காரர்கள் 13 வயது வரை என்கிறார்கள். அமெரிக்க வரைவும் 13 வயது வரை என்கிறது. நம் இயக்குநரகமும் 12 என்பதை 14 ஆக்கலாம். ஆக்குவதற்கு ஒரு புதிய சட்டம் வேண்டியதில்லை; 2024இல் ஆணை இட்டதைப் போல, இருக்கிற சுற்றறிக்கையைத் திருத்தினால் போதும். கூடவே, பதிவு செய்யும் திரையில் குழந்தையின் வயதைத் தட்டிய மறு நொடியே, நிறம் நிறமான அந்தப் படம் வருவதற்கு முன்னால், 'இக்குழந்தையின் பக்கத்து இருக்கை உங்களுடையது. கட்டணம் இல்லை' என்ற ஒரு வரி தமிழிலும் வர வேண்டும். ஆணையின்படி நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டிய பதிவை ஆண்டுக்கு ஒரு முறை இயக்குநரகம் வாங்கிப் பார்த்து, எந்த விமானத்தில் எத்தனை குழந்தைகள் பிரிந்து அமர்ந்தார்கள் என்று பெயரோடு வெளியிட வேண்டும். இவற்றைக் கேட்டு இயக்குநரகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். விமானத்தில் பிள்ளைகளோடு போய்வரும் பெற்றோர், அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்கு வரும்போது அலுவலக அறையில் அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடலாம். அதில் 'மிக்க வணக்கத்துடன்' என்பது சற்று அதிகமாகிவிட்டது என்று தலைமைச் சகோதரி கருதுகிறார். அதை மட்டும் திருத்திவிடுகிறேன்.